நிலம் யார் பேரில், தொழில் யார் பேரில்? மலையில் கட்டப்போகும் குடும்பத்துக்கு ஓர் ஒப்பீடு

பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காத வருடங்களில் கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்து வீடுகளில் ஒரே பேச்சுத்தான் எழும். அப்பா விட்டுப்போன தோட்டத்தில் ரோட்டை ஒட்டிய துண்டில் நாலைந்து காட்டேஜ் கட்டினால் என்ன? பேச்சு கொஞ்சம் முற்றியதும் அடுத்த கேள்வி வரும். கம்பெனி போடலாமா, எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை) போடலாமா, பார்ட்னர்ஷிப்பே போதுமா, இல்லை பில்டர் யாரிடமாவது கொடுத்துவிடலாமா?

குன்னூரில் கணக்கு வேலையும் நிறுவனப் பதிவு வேலையும் பார்க்கிறவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. எதில் வரி குறைவு, எதில் செலவு குறைவு என்பதைத்தான் வருகிறவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் நான் முதலில் திருப்பிக் கேட்பது வேறு: நாளைக்கு உங்களில் ஒருவர் விலகினால் கையில் எதை எடுத்துக்கொண்டு போவார்? கீழே நான்கு வழிகளையும் ஒப்பிடும்போது இந்தக் கேள்வியைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். வரி விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். கூடப் பிறந்தவர்களுக்குள் மனக்கசப்பு வந்துவிட்டால் அது எந்த பட்ஜெட்டிலும் குறையாது.

வசதிக்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அப்பா சுயமாகச் சம்பாதித்த இரண்டு ஏக்கர். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா இருக்கிறார். அண்ணன் கோத்தகிரியிலேயே தோட்டத்தைப் பார்க்கிறார். தம்பி கோவையில் வேலையில் இருக்கிறார், கையில் பணம் உண்டு. தங்கை உடுமலையில் கல்யாணமாகி இருக்கிறார். 1956-ம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இந்த நிலத்தில் நான்கு பேருக்கும் சமபங்கு. “தங்கச்சிக்குத்தான் அப்பவே நகை போட்டாச்சே” என்பது வீட்டில் செல்லும், பத்திரப்பதிவு அலுவலகத்தில் செல்லாது. பூர்வீகச் சொத்தாக இருந்தாலும் மகளின் உரிமை 2005 திருத்தத்தில் உறுதியானது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே எந்த வழியில் போனாலும் அம்மாவும் தங்கையும் கையெழுத்துப் போட வேண்டிய முழு உரிமையாளர்கள். சம்மதம் கேட்டுவிட்டு ஓரமாக உட்கார வைக்கப்பட வேண்டியவர்கள் இல்லை.

மலையில் கட்டுவதற்கென்றே சில கட்டுப்பாடுகள் இருக்கின்றன. கட்டடம் 7 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. தேயிலை நிலத்தில் கட்ட நிலப் பயன்பாட்டு மாற்றம் வேண்டும். வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை என்று தடையின்மைச் சான்றுக்கு அலைய வேண்டும். கலெக்டர் அனுமதி இல்லாமல் பொக்லைன் இறக்க முடியாது, போர்வெல் போட முடியாது. கூடலூர்ப் பக்கம் என்றால் 1969-ம் வருடத்து ஜென்மி நில ஒழிப்புச் சட்டத்தின் பதினேழாம் பிரிவில் (பழைய ஜென்மி நிலக்காரர்களிடம் குத்தகையில் இருந்த தோட்டங்களைப் பற்றியது) மாட்டிய நிலமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இவற்றில் எதுவும் நீங்கள் கம்பெனியா பார்ட்னர்ஷிப்பா என்று பார்த்துச் சலுகை காட்டாது. 2018-ல் சீகூர் யானை வழித்தடத்தில் ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தபோது யாருடைய பதிவுச் சான்றிதழும் கதவைத் திறக்கவில்லை. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வழித்தடத்தை உறுதி செய்தது. கொடைக்கானலில் 1990-களில் ஏழு மாடிக்கு எழும்பிய ஓட்டலுக்கு அரசே விதிவிலக்கு ஆணை கொடுத்திருந்தது. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் வழக்குப் போட்டு அந்த ஆணையையே உயர் நீதிமன்றத்தில் உடைத்தது. அனுமதி சரியாக இல்லையென்றால் மேற்கொண்டு படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

சரி, அனுமதி கிடைக்கும் நிலம் என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் வழி, பார்ட்னர்ஷிப். 1932-ம் வருடத்துச் சட்டம். ஒரு முத்திரைத்தாள், ஒரு ஒப்பந்தம், ஒரு வங்கிக் கணக்கு, வேலை முடிந்தது. ஊரில் பாதித் தொழில் இப்படித்தான் ஓடுகிறது. வருடாந்திரப் படிவங்களின் தொல்லை இல்லை. இந்தச் சுலபத்துக்குப் பின்னால் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, தொழிலின் கடனுக்குக் கூட்டாளிகள் ஒவ்வொருவரும் தனியாகவும் சேர்ந்தும் முழுப் பொறுப்பு. அண்ணன் மேட்டுப்பாளையத்திலிருந்து கம்பியும் சிமெண்ட்டும் கடனில் ஏற்றிவிட்டுக் கட்ட முடியாமல் போனால், கடைக்காரர் தம்பியின் கோவை வீட்டின் மேல் வரலாம். இரண்டு, வேறு மாதிரி எழுதாவிட்டால் ஒரு கூட்டாளி இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். அம்மாவைக் கூட்டாளியாகச் சேர்க்கும் குடும்பம் இந்த வரியை எழுத மறக்கக் கூடாது. மூன்று, கால வரையறை எழுதாத பார்ட்னர்ஷிப்பை யாராவது ஒருவர் ஒரு நோட்டீஸ் கொடுத்தே கலைத்துவிடலாம்.

நல்லதும் ஒன்று உண்டு. நிறுவனத்தின் அசையாச் சொத்தை ஒரு கூட்டாளி தன்னிச்சையாக விற்க முடியாது. மற்றவர்கள் தனியாக அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் பதிவு செய்யாத நிறுவனமாக இருந்தால் ஒப்பந்தத்தை வைத்துக் கோர்ட்டுக்குப் போகும் உரிமையே போய்விடும். வெளியாள் மேல் மட்டுமல்ல, கூட்டாளிகளுக்குள்ளேயும் கலைப்புக்கும் கணக்குக்கும் தவிர வேறு வழக்குப் போட முடியாது. பதிவுக்கு ஆகும் செலவு சொற்பம். அதை ஏன் இத்தனை பேர் தவிர்க்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

இதில் நிலத்துக்கு என்ன ஆகும்? இங்கேதான் பலர் கால் வைத்து வழுக்குகிறார்கள். அட்டங்கி நாராயணப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1966-ல் சொன்னது இது: ஒரு கூட்டாளி தன் நிலத்தை நிறுவனத்துக்கு மூலதனமாகக் கொண்டுவந்துவிட்டால் அது நிறுவனத்தின் சொத்து, அதன்பிறகு எந்தக் கூட்டாளிக்கும் அந்த நிலத்தில் தனியாக இவ்வளவு என்று காட்ட எதுவும் இல்லை, அவருக்கு இருப்பது கணக்குத் தீர்த்த பிறகு வரும் பணத்தில் ஒரு பங்கு. நிலத்தை அப்படிக் கொண்டுவரத் தனிப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒப்பந்தத்தில் “கூட்டாளிகள் தங்கள் நிலத்தை மூலதனமாகக் கொண்டுவருகிறார்கள்” என்று டைப் அடிப்பவர் வழக்கமாகப் போடும் ஒரு வரி போதும், அப்பாவின் நிலம் கைமாற. வருமான வரித் துறையும் அதே வரியைப் படிக்கும். மூலதனமாகக் கொடுத்த அன்றே அதை ஒரு மாற்றமாகக் கருதி, கணக்குப் புத்தகத்தில் எழுதிய மதிப்பை வைத்து மூலதன ஆதாய வரி போடும். கையில் ஒரு ரூபாய் வந்திருக்காது.

இரண்டாவது எல்.எல்.பி. 2008-ல் வந்த சட்டம். பார்ட்னர்ஷிப்பின் வளைந்துகொடுக்கும் தன்மையும் கம்பெனியின் தனி ஆள்தன்மையும் சேர்ந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைதான். எல்.எல்.பி.யின் கடனுக்கு எல்.எல்.பி.தான் பொறுப்பு. ஒருவர் செய்த தவறுக்கு மற்றவர் சொத்து போகாது. தானே செய்த தவறுக்குத் தானே பொறுப்பு, மோசடி என்றால் இந்தக் கவசம் கிடையாது. ஒருவர் இறந்தாலும் அது தொடரும். வருடத்துக்கு இரண்டு முக்கியப் படிவங்கள், அவற்றுக்குக் கடைசித் தேதி மே 30, அக்டோபர் 30. விற்றுமுதல் 40 லட்சத்தையோ மூலதனம் 25 லட்சத்தையோ தாண்டாதவரை இந்தச் சட்டப்படி தணிக்கை கட்டாயமில்லை. நான்கு காட்டேஜ் நடத்தும் குடும்பத்துக்கு இது தாங்கும்.

தனியாக ஒப்பந்தம் எழுதாவிட்டால் சட்டத்தின் முதல் அட்டவணை தானாகப் பொருந்தும். அதன்படி எல்லோருக்கும் லாபத்தில் சமபங்கு, நிர்வாகத்தில் எல்லோருக்கும் இடம், வேலை செய்கிறவருக்குத் தனிச் சம்பளம் இல்லை. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து விருந்தினருக்கு வெந்நீர் போடும் அண்ணனுக்கும், வருடத்துக்கு இரண்டு முறை வந்து போகும் தம்பிக்கும் ஒரே பங்கு. முதல் சீசனிலேயே சண்டை வர இது ஒன்று போதும். அண்ணனுக்கு மாதம் இவ்வளவு, தம்பி போட்ட பணத்துக்கு இவ்வளவு வட்டி, மீதியில் பங்கு என்று எழுதிக்கொள்ள எல்.எல்.பி. தாராளமாக இடம் கொடுக்கிறது. எழுத வேண்டும், அவ்வளவுதான்.

விலகுவது எப்படி? வேறு மாதிரி எழுதாவிட்டால் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து எந்தக் கூட்டாளியும் வெளியேறலாம். ஆனால் அவருக்குச் சட்டம் தருவது அவர் உண்மையில் போட்ட மூலதனமும், சேர்ந்திருக்கும் லாபத்தில் நஷ்டம் கழித்த பங்கும். நிலத்தை மூலதனமாகப் போட்டு, அன்றைக்கு வழிகாட்டி மதிப்பில் கணக்கு எழுதியிருந்தால், பத்து வருடம் கழித்து விலகும் தங்கைக்குக் கிடைப்பது அன்றைய கணக்கு மதிப்புத்தான். இடையில் சென்ட் விலை எங்கே போயிருந்தாலும் சரி. ஒப்பந்தத்தில் சந்தை மதிப்பு என்று எழுதினால் மாறும். ஆனால் சந்தை மதிப்பைக் கொடுக்க மற்றவர்களிடம் பணம் வேண்டுமே! அப்போது நிலத்தையே விற்க வேண்டி வரும்.

மூன்றாவது பிரைவேட் லிமிடெட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் “கம்பெனி” என்றாலே ஒரு மரியாதை இருக்கிறது, அந்த மரியாதையில் பலர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

கம்பெனி தனி ஆள். 1897-ல் இங்கிலாந்தில் சாலமன் வழக்கில் உறுதியான இந்தக் கொள்கைக்கு நம் நாட்டில் மிகத் தெளிவான விளக்கம் ஒரு தேயிலை வழக்கில் கிடைத்தது. தேயிலைக் கம்பெனியின் வருமானத்தில் 60 சதவீதம் விவசாய வருமானம், 40 சதவீதத்துக்குத்தான் மத்திய அரசின் வருமான வரி. அப்படிப்பட்ட கம்பெனிகளில் பங்கு வைத்திருந்த பச்சா குஸ்தார் என்ற பம்பாய்ப் பெண்மணி, தன் டிவிடெண்டிலும் (பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபம்) 60 சதவீதம் விவசாய வருமானம்தானே என்று வாதாடினார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. தோட்டம் கம்பெனியுடையது, பங்குதாரருக்குத் தோட்டத்தில் எந்த உரிமையும் இல்லை, அறிவிக்கப்பட்ட லாபத்தில் பங்கு கேட்கும் உரிமை மட்டுமே உண்டு என்றது. நிலத்தைக் கம்பெனி பேரில் மாற்றிவிட்டு “எங்க தோட்டம்” என்று சொல்லும் ஒவ்வொரு குடும்பமும் அந்தத் தீர்ப்பின் முன்னால் நிற்கிறது. மாற்றுவதற்கும் சும்மா முடியாது. விற்பனைப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகச் சுமார் 9 சதவீதம், அதோடு மூலதன ஆதாய வரி.

அடுத்தது யார் கை ஓங்கும் என்பது. நம் குடும்பத்தில் ஆளுக்கு 25 சதவீதம். சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் வேண்டும். சிறப்புத் தீர்மானத்துக்கு, ஆதரவு ஓட்டு எதிர் ஓட்டைப் போல மூன்று மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மூன்று பேர் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் என்றால் 75-க்கு 25. சரியாக மூன்று மடங்கு. தீர்மானம் நிறைவேறிவிடும். தங்கைக்கு 26 சதவீதம் இருந்திருந்தால் நிறைவேறாது. கம்பெனியின் உள்விதிகளை மாற்றுவதே சிறப்புத் தீர்மானத்தில்தான் என்பதால் இந்த ஒரு சதவீதம் சின்ன விஷயமில்லை. அம்மாவின் பங்கு பின்னால் யாருக்குப் போகிறது என்பதிலும் இந்தக் கணக்கு தலைகீழாகும். மூன்று பேருக்கும் சமமாகப் போனால் ஆளுக்கு மூன்றில் ஒன்று, அப்போது யார் ஒருவரும் சிறப்புத் தீர்மானத்தைத் தடுக்கலாம். ஆனால் ஒரு இயக்குநரை நீக்கச் சாதாரணத் தீர்மானமே போதும். அண்ணனும் தம்பியும் சேர்ந்தால் தங்கை நாற்காலியை இழப்பார். பங்கு மட்டும் மிஞ்சும். குடும்பக் கம்பெனியின் சிறுபான்மைப் பங்கை வெளியே யார் வாங்குவார்கள்? டிவிடெண்ட் கொடுக்கலாமா என்பதை முதலில் முடிவு செய்வதும் இயக்குநர் குழுதான்.

சட்டம் கைவிட்டுவிடவில்லை. 2013-ம் வருடத்துக் கம்பெனிச் சட்டத்தின் 241, 242 பிரிவுகளில், பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர் ஒடுக்குமுறை, நிர்வாகச் சீர்கேடு என்று சென்னையில் உள்ள நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அவர் பங்கை மற்றவர்கள் வாங்கிக்கொள்ளும்படி ஆணை கிடைக்கலாம். ஆனால் பதவியிலிருந்து நீக்கியது மட்டுமே ஒடுக்குமுறை ஆகாது என்று டாடா - மிஸ்திரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் 1972-ல் எப்ராஹிமி வழக்கு வேறு முடிவுக்குப் போனது. இரண்டு பேர் கூட்டாகத் தொடங்கிய கம்பள வியாபாரம் கம்பெனி ஆனது, ஒருவரின் மகன் உள்ளே வந்தான், அப்பாவும் மகனும் சேர்ந்து மற்றவரை நீக்கினார்கள். இது உண்மையில் பார்ட்னர்ஷிப் மாதிரியான கம்பெனி என்று சொன்ன நீதிமன்றம் கம்பெனியையே கலைக்கச் சொன்னது. கம்பளம் விற்கும் கம்பெனியைக் கலைத்தால் கம்பளங்கள் விற்கப்படும். அப்பாவின் நிலத்தை வைத்திருக்கும் கம்பெனியைக் கலைத்தால் விற்கப்படுவது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

நில வியாபாரத்துக்கும் கம்பெனி நிர்வாகத்துக்கும் உள்ள உறவு பழசு. சிறுபான்மைப் பங்குதாரர் பற்றிய முதல் பெரிய வழக்கான ஃபாஸ் எதிர் ஹார்பாட்டில், 1843, ரியல் எஸ்டேட் வழக்குத்தான். மான்செஸ்டரில் விக்டோரியா பார்க் என்ற குடியிருப்புத் திட்டத்துக்காகத் தொடங்கிய கம்பெனிக்கு, அதன் இயக்குநர்கள் தங்கள் சொந்த நிலத்தையே அதிக விலைக்கு விற்றார்கள் என்பது புகார். நஷ்டம் கம்பெனிக்கு, ஆகவே வழக்குப் போட வேண்டியதும் கம்பெனிதான் என்று சொல்லி, வழக்குப் போட்ட இரண்டு பங்குதாரர்களை நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. கம்பெனியை நடத்துவதே அந்த இயக்குநர்கள்தான் என்றால் வழக்கு யார் போடுவது? அந்த ஓட்டையை அடைக்கத்தான் நம் சட்டத்தில் 241 மாதிரிப் பிரிவுகள். இயக்குநர் தன் சொந்த ஆதாயத்தைக் குழுவுக்கு முன்கூட்டியே வெளிப்படுத்த வேண்டும் என்ற விதியும், உறவினரோடு செய்யும் வியாபாரத்துக்கான கட்டுப்பாடும் அதே காரணத்துக்காகத்தான். மலையில் இது எப்படி வரும் என்றால், அண்ணனின் மச்சான் லாரி வைத்திருப்பார். ஜல்லி, எம்-சாண்ட் எல்லாம் கீழேயிருந்து ஏற வேண்டும், வாடகையே பெரிய செலவு. மச்சானுக்குக் கொடுப்பதில் தவறில்லை. கூட்டத்தில் சொல்லி, வேறு இரண்டு விலைப்புள்ளி வாங்கி, மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிவிட்டுக் கொடுங்கள். எழுதாமல் விட்ட மினிட்ஸ்தான் பின்னால் தீர்ப்பாயத்தில் உங்கள் வக்கீலைத் திணற வைக்கும்.

இன்னொன்று நம் தமிழ்நாட்டு வழக்கு. ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன், 1992-ம் வருடத் தீர்ப்புத் தொகுதியில் இருக்கிறது. இரண்டு கிளைகள் சரிபாதி வைத்திருந்த குடும்பக் கம்பெனி. ஒரு கிளையில் யாராவது பங்கை விற்றால் அதே கிளைக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று குடும்பத்துக்குள் ஒப்பந்தம். ஒருவர் மீறி அடுத்த கிளைக்கு விற்றார். கம்பெனியின் உள்விதிகளில் இல்லாத கட்டுப்பாடு கம்பெனியையோ பங்குதாரர்களையோ கட்டாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரியவர்கள் முன்னால் பேசியது, தனித்தாளில் எழுதியது எல்லாம் இருக்கட்டும், உள்விதிகளில் ஏற்ற வேண்டும். பதிவுக்கு வருகிறவர்கள் கணினியில் வரும் மாதிரி உள்விதிகளையே அப்படியே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள். நான்கு பேர் சாப்பாட்டு மேசையில் ராத்திரி முழுக்கப் பேசி ஒத்துக்கொண்டது எதுவும் அதில் இருக்காது.

செலவுக் கணக்கு: விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கம்பெனிக்குத் தணிக்கை கட்டாயம். ஆண்டுப் படிவம் தாமதமானால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லை. மூன்று வருடம் தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து வருடத்துக்குத் தகுதி இழப்பார்கள். கம்பெனியின் பெயரே நீக்கப்பட்டால், அதன் பேரில் இருக்கும் நிலத்தை விற்கத் தீர்ப்பாயம் போய்க் கம்பெனிக்கு மறுபடி உயிர் கொடுக்க வேண்டும். வரியில் கம்பெனிக்கு லேசான சாதகம் இருக்கிறது. சலுகை விகிதத்தைத் தேர்ந்தெடுத்தால் கூடுதல் வரிகளோடு 25 சதவீதத்தை ஒட்டி, எல்.எல்.பி.க்கும் பார்ட்னர்ஷிப்புக்கும் 31 சதவீதத்தை ஒட்டி. ஆனால் கம்பெனி லாபத்தை டிவிடெண்டாக வெளியே எடுக்கும்போது வாங்குகிறவர் மறுபடி வரி கட்டுவார். எல்.எல்.பி.யில் லாபப் பங்கு கையில் வரும்போது வரி இல்லை. லாபத்தை எடுத்துச் சாப்பிடும் குடும்பத்துக்கு எல்.எல்.பி., லாபத்தை உள்ளேயே போட்டு வளர்க்கிறவருக்குக் கம்பெனி. கடன் பொறுப்பு விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை: வங்கி எப்படியும் எல்லோரிடமும் சொந்த ஜாமீன் கையெழுத்து வாங்கும். வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்பது மேட்டுப்பாளையத்துக் கம்பிக் கடைக்காரரிடம் காப்பாற்றும், வங்கியிடம் காப்பாற்றாது.

நான்காவது, பில்டரிடம் கொடுப்பது. நிலம் நம்முடையது, கட்டுவது அவர், கட்டிய வீடுகளில் ஆளுக்கு இவ்வளவு. இதற்கு “ஜாயின்ட் வென்ச்சர்” என்று பேர் வைப்பார்கள். கோவையில் இது ஓடுவதற்குக் காரணம் மாடி. ஒரே நிலத்தில் நான்கு, ஐந்து தளம் எழுப்பினால் பாதியை நிலக்காரருக்குக் கொடுத்தாலும் பில்டருக்குக் கட்டுப்படியாகும். 7 மீட்டர் உயரத்தில் தரைத்தளமும் ஒரு மாடியும்தான். அதோடு சரிவில் தடுப்புச் சுவர், வடிகால், கீழேயிருந்து ஏற்றும் பொருளின் வாடகை. ஆகவே மலையில் பில்டர் பெரிய பங்கு கேட்பார், அல்லது நிலத்தைத் துண்டு போட்டு விற்கலாம் என்பார், அல்லது அனுமதியை மீறிய ஒரு தளத்தை மனதில் வைத்துக் கணக்குப் போட்டிருப்பார். மூன்றாவது ரகம்தான் ஆபத்து. சீல் வைக்கும்போது நிலம் உங்கள் பேரில் இருக்கும்.

பேர் என்னவாக இருந்தாலும் இது கூட்டுத் தொழில் இல்லை, நிலக்காரர் ஒரு நுகர்வோர்தான், பில்டர் சேவை தருகிறவர் என்று ஃபகீர் சந்த் குலாட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ல் சொன்னது. கட்டுமானத்திலோ லாப நஷ்டத்திலோ நிலக்காரருக்குக் கை இல்லை என்பது அதற்குக் காரணம். வேலை மோசமாக இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், பெரிய ஆறுதல். ஆனால் 2016-ம் வருடத்து ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தில் கட்டுகிறவரும் விற்கிறவரும் வேறு வேறு ஆட்கள் என்றால் இருவருமே புரமோட்டர், இருவரும் சேர்ந்து பொறுப்பு. உங்கள் பங்கு வீட்டை நீங்கள் வெளியாருக்கு விற்கும்போது வாங்குகிறவரின் புகார் உங்களையும் தேடி வரலாம். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ ரெரா பதிவு கட்டாயமில்லை. மலையில் பல திட்டங்கள் இந்த வரம்புக்குள் வந்துவிடும். அப்போது, வாங்குகிறவர் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட வேண்டும் என்ற பாதுகாப்பையும் பதிவு செய்த திட்டத்தில் போல நம்பியிருக்க முடியாது. வேண்டியதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த வழியில் நான் அதிகம் பயப்படுவது பவர் பத்திரத்துக்கு. அனுமதி வாங்க, கட்ட என்று ஆரம்பித்து விற்க, அடமானம் வைக்க என்று முடியும் பவரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நிலம் இன்னும் நம் பேரில்தானே இருக்கிறது என்று இருப்பார்கள். வெறும் பவர் பத்திரம் வாங்குகிறவருக்கு உரிமையைக் கொடுக்காது என்று 2011-ல் சூரஜ் லேம்ப் தீர்ப்பு சொன்னது உண்மை. ஆனால் அதே பவரைக் கையில் வைத்துக்கொண்டு பில்டர் முறையான விற்பனைப் பத்திரமே எழுதிப் பதிவு செய்யலாமே! விற்கும் அதிகாரம் அவர் பங்குக்கு மட்டும், அதுவும் உங்கள் வீடுகளை முடித்து ஒப்படைத்த பிறகு, அடமான அதிகாரம் கிடையவே கிடையாது என்று இருக்க வேண்டும். தனிநபர் நிலக்காரருக்கு வரியில் ஒரு நல்லது உண்டு. பதிவு செய்த ஒப்பந்தமாக இருந்தால், கட்டி முடித்த சான்று கிடைக்கும் வருடத்தில்தான் மூலதன ஆதாயம் கணக்காகும். நிலத்தை ஏற்கெனவே கம்பெனி பேரில் மாற்றியவருக்கு இந்தச் சலுகை இல்லை.

நம் குடும்பத்துக்கு நான் சொல்லும் வழி இந்த நான்கில் எதுவும் முழுசாக இல்லை. நிலம் நான்கு பேர் பேரிலேயே இருக்கட்டும். தொழிலுக்கு ஒரு எல்.எல்.பி. போடுங்கள். காட்டேஜ் வரும் துண்டை மட்டும் நிலக்காரர்கள் நால்வரும் அந்த எல்.எல்.பி.க்குப் பதிவு செய்த குத்தகைக்குக் கொடுங்கள். விலகும் தங்கை தொழிலிலிருந்து மட்டும் விலகுவார், நிலத்தில் கால்பங்கும் குத்தகையில் கால்பங்கும் அவருக்குத் தொடரும். தொழில் நொடித்தாலும் கம்பிக் கடைக்காரரால் நிலத்தைத் தொட முடியாது. வங்கிக்கு நிலத்தை ஈடு வைத்தால் மட்டும் இந்தச் சுவர் உடையும், ஆகவே ஈடு வைப்பதற்கு நால்வரின் கையெழுத்தும் வேண்டும் என்பது தானாகவே ஒரு தடுப்பு. இதற்கும் விலை உண்டு. குத்தகைப் பணம் ஆளாளுக்கு வருமானமாகக் காட்டப்பட வேண்டும், வங்கி கொஞ்சம் முகம் சுளிக்கும், குத்தகை முடியும்போது கட்டடம் யாருக்கு, என்ன விலைக்கு என்று இப்போதே எழுத வேண்டும்.

அண்ணனும் தம்பியும் ஏற்கெனவே பேசாத நிலையில் இருந்தால் இதுவும் வேண்டாம். பாகப்பிரிவினை செய்துகொள்ளுங்கள். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. அவரவர் துண்டில் அவரவர் கட்டட்டும். எந்த ஒப்பந்தமும் பேசாத ஆட்களைப் பேச வைக்காது. வெளியாள் பணம் பெரிய அளவில் வருகிறது, பங்கு கேட்கிறார்கள், இரண்டு மூன்று இடங்களில் விரிக்கும் எண்ணம் இருக்கிறது என்றால் பிரைவேட் லிமிடெட்தான் சரி, அப்போதும் நிலம் வெளியே, குத்தகை உள்ளே. பில்டர் வழி, நால்வரும் வெளியூரில் இருந்து, விற்றுப் பணமாக்குவதே நோக்கமாக இருந்தால் மட்டும். பதிவு செய்யாத பார்ட்னர்ஷிப் யாருக்கும் வேண்டாம்.

வருமானத்தை எழுதும்போது மே மாத நெரிசலை வருடம் முழுக்கப் பெருக்க வேண்டாம். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது, 2025 ஏப்ரலில் சீசனுக்கு வாகன எண்ணிக்கையிலும் உச்சவரம்பு வைத்தார்கள். குத்தகைத் தொகையை நிரந்தர எண்ணாக வைக்காமல், குறைந்தபட்சத் தொகை ஒன்றும் விற்றுமுதலில் ஒரு சதவீதமும், எது அதிகமோ அது என்று வைத்தால் நிலக்காரராகவும் தொழில்காரராகவும் இருக்கிற நீங்களே உங்களோடு சண்டை போட வேண்டியிருக்காது. பெயர் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பு அப்பா பேரில் இருக்கும் பட்டாவை வாரிசுச் சான்று வைத்து நால்வர் பேரில் கூட்டுப் பட்டாவாக மாற்றுங்கள், வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அந்த இரண்டு தாளும் கைக்கு வந்த பிறகு எல்.எல்.பி. ஒப்பந்தத்தின் வரைவை எடுத்துக்கொண்டு தங்கையை உடுமலையிலிருந்து வரச் சொல்லுங்கள்.